வரப்போரத்து உளுந்து

அன்று நெல் கொள்முதல் நிலையத்தின் சிமென்ட் களத்தில் ஆறு பேர் இருந்தோம். நீடாமங்கலத்தில் மூன்று அறுவடை வண்டிகள் வைத்து வாடகைக்கு விடும் பாய், எடைமேடைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய முதல் வண்டியை ஓட்டும் ஆத்தூர்க்காரர், உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஊரில் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்யும் அக்கா சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் கணவர் குவைத்தில் இருப்பதால் உரக்கடை முதல் வங்கி வரை எல்லாவற்றுக்கும் அந்த அக்காதான் போவார். மீதி மூன்று பேர் நாங்கள்: நான், என் மாமா மகன், மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் இருந்த அடுத்த தெருப் பெண்.

வராதவர்கள் இரண்டு பேர். ஒருவன் இந்த யோசனையை முதலில் சொன்ன எங்கள் நண்பன். எங்களைக் கிளப்பிவிட்டுவிட்டு, முந்தின நாள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேனில் ஏறிப் போய்விட்டான். இன்னொருவர் என் அப்பா.

அப்பாவை நான் கூப்பிட்டேன். அவர் வாழ்க்கையில் பாதி, அடுத்தவர் வயலில் குனிந்து கதிர் அறுத்ததில் போயிருக்கிறது. வண்டிகள் வந்த பிறகு அந்த வேலை போய்விட்டது. இப்போது வரப்பு வெட்டுவது, மருந்து அடிப்பது, உளுந்து தெளிப்பது என்று கிடைத்ததைச் செய்கிறார். நான் கூப்பிட்டபோது அவர் சட்டையைக்கூடத் தேடவில்லை.

"என் சோத்த அது தின்னது பத்தாதுன்னு நீயும் அதுகிட்டயே போயி வேல கேக்குறியா? நல்லா கேளு. நான் வரல."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முழுதாகப் போன முதல் ஆள் நான். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தேன். அதற்கான பஸ் பாஸ் முதல் கடைசிப் பரீட்சை வரை எல்லாம் அவர் குனிந்த முதுகிலிருந்து வந்தது. அந்த முதுகோடு வாதம் செய்ய எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது.

நாங்கள் கேட்டது பெரிய விஷயம் இல்லை. சம்பா அறுவடைக்கு ஒவ்வொரு வருஷமும் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து டிரைவர்கள் வருகிறார்கள். ஷெட்டிலேயே படுத்து, ஷெட்டிலேயே சமைத்து, ஒன்றரை மாதம் ஓட்டிவிட்டுப் போகிறார்கள். அதே ஒன்றரை மாதத்தில் எங்கள் ஊர்ப் பையன்கள் வேனில் ஏறித் திருப்பூருக்குப் போகிறார்கள். வண்டி வருகிற ரோட்டில்தான் வேனும் போகிறது. எங்களைப் பழகுநர்களாக எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு பருவம் சொல்லிக்கொடுங்கள், பிறகு வண்டியைக் கையில் கொடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. அதை நான் வெள்ளைத்தாளில் நம்பர் போட்டு எழுதி எடுத்துப் போயிருந்தேன்.

பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"எழுத்து நல்லாருக்கு தம்பி. ஆனா உள்ளூர்ப் பசங்கள ஏன் வெக்கிறதில்லன்னு தெரியுமா? அறுவட மும்முரமா போயிக்கிட்டிருக்கும். சித்தப்பா வூட்ல காதுகுத்து பாய்னு நிப்பான். மறுநா கோயில்ல காப்புக்கட்டு பாய்ம்பான். ஆத்தூர்லேர்ந்து வர்றவருக்கு இங்க யாரு காதும் இல்ல, யாரு கோயிலும் இல்ல."

ஆத்தூர்க்காரர் சிரித்துக்கொண்டே, "காது இருக்குதுங்க பாய். லீவுதான் இல்லீங்க," என்றார்.

"நாலாவது நம்பரப் பாருங்க பாய்," என்றேன். அறுவடை முடியும்வரை எந்த விசேஷத்துக்கும் லீவு கேட்க மாட்டோம் என்று எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். தன் சொந்தச் சித்தி மகளின் கல்யாணம் தை மாதத்தில் வருகிறது என்று தெரிந்தே என் மாமா மகன் கையெழுத்துப் போட்டிருந்தான்.

பாய் கடைசிக் கையெழுத்தில் விரலை வைத்தார். "இது யாரு? பொம்பளப் புள்ளயா? கிரீஸ்ல கை வெக்கிற வேலம்மா இது."

அந்தப் பெண் கொஞ்சமும் தயங்கவில்லை. "எங்க தெருவுல ஒம்போது மோட்டார் பம்ப நான்தான் பிரிச்சுப் போட்டுருக்கேன் பாய். தண்ணி வந்தாப் போதும்னு நிக்கிறாங்களே தவிர, பொம்பளயான்னு ஒருத்தரும் கேக்கல."

அக்கா சாக்குக் கட்டின் மேலிருந்து கைதட்டினார். அவர் அங்கு வந்ததற்குக் காரணம் உளுந்து.

எங்கள் பக்கத்தில் சம்பா முதிர்ந்து அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவோம். மண் அப்போது மெழுகுப் பதத்தில் இருக்கும். நெல்லை அறுக்கும்போது அடியில் உளுந்து இரண்டு இலை விட்டு நிற்கும். உழவு இல்லை, தண்ணீர் இல்லை, பனியிலேயே விளைந்துவிடும். குத்தகைக்காரர்களுக்கு நெல்லில் மிஞ்சுவது குறைவு. கையில் நிற்பது இந்த உளுந்துதான். வண்டி நேராகப் போனால் அதற்குப் பெரிய சேதம் இல்லை. வயலுக்கு நடுவே நின்ற இடத்தில் திரும்பினால்தான், சக்கரத்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் பெல்ட் மண்ணை அரைத்துவிடும்.

"நெல்ல நல்லாத்தான் அறுக்குறாரு," என்று அக்கா ஆத்தூர்க்காரரைக் காட்டினார். "ஆனா அறுத்து முடிச்சுப் பாத்தா, வயலு தலையில புழுவெட்டு வந்த மாரி வட்டம் வட்டமா இருக்கு. எனக்கு உளுந்து தெரிஞ்ச ஆளு ஓட்டணும் பாய்."

"நெல்லு அறுக்கத்தானுங்களே வாடக. கீழ இருக்கறத நான் எங்கீங்க பாக்கறது?" என்றார் ஆத்தூர்க்காரர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர் ஊரில் மரவள்ளியும் மஞ்சளும்தான்.

அங்கேயே நான் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டேன். வாய்க்காலோரம் இருக்கும் மூன்று மாவை நீளவாக்கில் மட்டும் அறுப்பது. வயலின் இரண்டு முனைகளிலும் வரப்பை ஒட்டிப் பன்னிரண்டடி அகலத்துக்கு உளுந்து தெளிக்காமல் விட்டுவிடுவது. வண்டி அந்தக் காலி இடத்தில் மட்டும்தான் திரும்பும். பன்னிரண்டடி உளுந்து நஷ்டம், மீதி வயல் முழுக்க லாபம். அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டுச் சரி என்றார். பாய் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"மார்கழி முழுக்க ஷெட்டுக்கு வாங்க. பழகுங்க. தையில இந்த மூணு மாவ நீங்க அறுத்துக் காட்டுங்க. அக்கா நல்லாருக்குன்னு சொன்னா நான் எடுத்துக்குறேன். இல்லன்னா அடுத்த வருஷமும் ஆத்தூர்தான்."

திரும்பி வரும்போது என் மாமா மகன் சொன்னான்: "தை இருவது அடுத்த வேன் வருது மச்சான். அம்மா என் பேரக் குடுத்துடுச்சு. உன் பேரும் அதுல இருக்கு. இது நடக்கலன்னா நமக்கு வேன்தான்." பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "இன்ஜினியரம்மாவுக்குக் கவல இல்ல, வேன் இல்லியே," என்றான்.

"எனக்கு மாப்பிள்ள பாக்குறாங்க," என்றாள் அவள். "அதுவும் ஏத்திக்கிட்டுப் போற வண்டிதான்."

மார்கழி முழுக்கக் காலையில் சைக்கிள் மிதித்து ஷெட்டுக்குப் போனோம். நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டுவிட்டால் அரைமணி போய்விடும். ரயிலுக்கு இன்ஜின் மாற்றும் நாளாக இருந்தால் இன்னும் கூட. பாய் தாமதத்துக்குக் கேட்டைக் காரணமாக ஏற்பதில்லை. "ரயிலுக்குத் தெரியுமா நீங்க வர்றது? கேட் போடறதுக்கு முன்னாடி வாங்க," என்பார். முதல் வாரம் வண்டி கழுவுவது, கிரீஸ் அடிப்பது. இரண்டாவது வாரம், முன்னால் கதிரை அறுக்கும் கட்டர் பாரைக் கழற்றி ஒவ்வொரு பிளேடாக மாற்றிப் பழகினோம். அந்தப் பெண் ரிவிட் அடிப்பதைப் பார்த்த ஆத்தூர்க்காரர் மூன்றாம் நாளே கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றுவிட்டார். டிராக்டர் ஓட்டிப் பழகிய என் மாமா மகனுக்கு லீவர் கைக்கு வந்துவிட்டது. முன்பட்டத்தில் அறுத்துப்போட்ட வயல்களில் ஓட்டிப் பார்த்தான். எனக்கு இன்ஜின் சத்தம் பிடிபட்டது. எது சரியான சத்தம், எது பெல்ட் தளர்ந்த சத்தம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுமளவுக்கு வந்துவிட்டேன். எங்களால் முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தை பத்தாம் தேதி வண்டி வயலுக்கு வந்தது. பனி உலர்ந்து கதிர் காய்வதற்குப் பத்து மணி ஆயிற்று. என் மாமா மகன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். ஆத்தூர்க்காரர் பக்கத்துப் படியில் நின்றார். நான் வழி காட்ட வயலில் இறங்கினேன். அந்தப் பெண் ஸ்பேனர் பெட்டியோடும், கேட்டு வாங்கிய உபரி பிளேடுகளோடும் வரப்பில் நின்றாள். அக்காவும் பாயும் ரோட்டோரத்தில் நின்றார்கள்.

முதலில் இரண்டு முனைகளையும் குறுக்கே அறுத்துத் திரும்புவதற்கு இடம் எடுத்தோம். வைக்கோல் விலகியதும் நான் குனிந்து பார்த்தேன். காலியாக இருக்க வேண்டிய பன்னிரண்டடியில் உளுந்து முளைத்திருந்தது. ஏதோ சிதறி விழுந்தது இல்லை. வரப்பின் ஓரம் வரை, ஒரு சாண் இடம் விடாமல், சீராகத் தெளித்த உளுந்து. அப்படித் தெளிக்கும் கை எங்கள் ஊரில் ஒன்றுதான் உண்டு.

அக்காவை நோக்கிக் கத்தினேன். "அக்கா, முனையில உளுந்து கெடக்கே!"

"கெடக்கா? தெளிச்சது உங்கப்பாதானே தம்பி! நீ வூட்ல சொல்லியிருப்பன்னுல்ல நெனச்சேன்!"

ஆள் வைத்த அக்கா சொல்லியிருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். ஆறு பேர் சேர்ந்து பேசி, படம் போட்டு, கையெழுத்துப் போட்ட திட்டம் அது. விதையைக் கையில் எடுக்கப் போகிறவர் அந்த ஆறு பேரில் இல்லை. அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மெஷின் பேச்சே வேண்டாமென்று ஒரு மாதமாக வீட்டில் வாயை மூடிக்கொண்டிருந்தேன் நான்.

வண்டி முதல் நீள வரிசையை அறுத்துக்கொண்டு முனைக்கு வந்தது. அங்கே நின்று திருப்ப வேண்டியதுதான். பன்னிரண்டடி உளுந்தை அரைத்தாலும் திட்டப்படி அது போக வேண்டிய இடம்தான். ஆனால் முளைத்த பயிர் கண்ணெதிரே இரண்டு இலையோடு நின்றது. மாமா மகன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேரும் வயல் வேலை செய்கிற வீட்டில் பிறந்தவர்கள். 'வரப்பு மேல ஏறு' என்று கையைக் காட்டியது நான்தான். அவன் வண்டியை நேராக விட்டு, முன்பாதியை வரப்பின் மேல் ஏற்றி, அங்கேயே திருப்பினான். ஓர் உளுந்துகூடச் சாகவில்லை. மறுமுனையிலும் அப்படியே செய்தான். ரோட்டிலிருந்து அக்கா "அப்படித்தான்!" என்றார்.

மூன்றாவது முறை வாய்க்கால் பக்கத்து வரப்பில் ஏறியபோது வரப்பு இறங்கியது. உள்ளே முழுக்க எலி வளை. இடது பெல்ட் மண்ணோடு சரிந்து வாய்க்காலுக்குள் போக, கட்டர் பார் எதிர்க்கரையில் குத்திக்கொண்டது. ஆத்தூர்க்காரர் குதித்துவிட்டார். மாமா மகன் இன்ஜினை நிறுத்திவிட்டு, சாய்ந்த ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"எறங்கு மச்சான்," என்றேன்.

"வேனு எத்தன மணிக்குன்னு கேட்டு வெச்சுக்க," என்றான் அவன்.

ஆத்தூர்க்காரர் ஈரமான லுங்கியைப் பிழிந்துகொண்டே என்னிடம் வந்தார். "ஏந் தம்பி, நானா இருந்தா அங்கியே திருப்பியிருப்பனுங்க. நாலு செடிக்காவ நாப்பது லட்சத்தக் கொண்டு வாய்க்கால்ல வுடுவாங்களா?" அவர் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

பாய் ரோட்டிலிருந்து இறங்கி வந்தார். நான் பொக்லைனுக்குப் போன் செய்தேன். பக்கத்து ஊரில் குளம் வெட்டிக்கொண்டிருந்தது; முக்கால் மணியில் வந்துவிட்டது. நானே சங்கிலி மாட்டும் இடத்தைக் காட்டினேன். தவறான இடத்தில் மாட்டினால் வண்டியின் அடிச்சட்டம் வளைந்துவிடும் என்று மார்கழியில்தான் படித்திருந்தேன். வண்டி மேலே வந்தபோது பதினோரு பிளேடு உடைந்து, பெல்ட் ஓடும் உருளை ஒன்றின் பேரிங் போயிருந்தது.

அந்தப் பெண் ஏற்கெனவே சேற்றில் சாக்கு விரித்து உட்கார்ந்துவிட்டாள். "பேரிங் மட்டும் வேணும். நம்பர் சொல்றேன், யாராச்சும் போங்க." மாமா மகன் பைக்கை எடுத்துக்கொண்டு மன்னார்குடிக்குப் பறந்தான். அவள் ரிவிட் அடிக்க, நான் உருளையைக் கழற்றினேன். ஆத்தூர்க்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வந்து கட்டர் பாரின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அப்பா வந்தார். யார் போய்ச் சொன்னார்களோ, தோளில் மண்வெட்டியோடு வந்தார். இடிந்த வரப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"முனையில தெளிக்காம வுட்டுருக்கணும்ப்பா. வண்டி திரும்பறதுக்கு," என்றேன்.

"என்கிட்ட யாரு சொன்னா?"

நான் கையிலிருந்த உருளையைக் கீழே வைத்தேன்.

"சொல்லியிருந்தா வுட்டுருப்பேன். திட்டிக்கிட்டே வுட்டுருப்பேன்," என்றார் அவர். பிறகு வாய்க்காலில் இறங்கி, எலி வளையைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுமண் வைத்து வரப்பை மிதிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கி, "இதுக்குக் கூலி உண்டு. புள்ள வண்டியக் கவுத்தான்னு சும்மா வெட்டமாட்டேன்," என்றார். பாய் வாய்விட்டுச் சிரித்தார். காலையிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மூன்று மணிக்கு இன்ஜின் பிடித்தது. சத்தத்தைக் கேட்டேன், சரியான சத்தம். இந்தத் தடவை மாமா மகன் முனையில், உளுந்தின் மேலேயே, கண்ணை அகலத் திறந்துகொண்டு திருப்பினான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வெயில் இறங்குவதற்குள் மூன்று மாவும் முடிந்தது.

அக்கா வயலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்து, "நடுவுல ஒரு வட்டம்கூட இல்ல பாய்," என்றார். "ஓரத்துல போனது போவட்டும். அது போறதாத்தான் பேச்சு."

பாய் சட்டைப் பையிலிருந்து என் தாளை எடுத்துப் பிரித்தார். "இதுல வண்டி கவுந்தா என்ன செய்யறதுன்னு நம்பரே இல்லியே தம்பி."

"எழுதல பாய்."

"இப்ப எழுது. சேதம் உங்க மூணு பேரோடது. நான் ஒரு பைசா தரமாட்டேன்." தாளை என்னிடம் நீட்டினார். "வண்டி எல்லாருகிட்டயும்தான் கவுருது. கவுந்த ஒடனே எல்லாரும் போன எடுத்து என்னத்தான் கூப்புடுவானுவ. நீங்க என்னப் பக்கத்துல வெச்சுக்கிட்டே ஒரு வார்த்த கேக்காம ஸ்பேனர எடுத்தீங்க. நாளைக்குக் கேட் போடறதுக்கு முன்னாடி வந்துடுங்க."

தை இருபதாம் தேதி வேன் வந்தபோது நாங்கள் வேறோர் ஊரில் ஏழு மா அறுத்துக்கொண்டிருந்தோம். சித்தி மகளின் கல்யாணத்தை மாமா மகன் வண்டியில் உட்கார்ந்தபடி போனில் பார்த்தான். இப்போது பாயின் இரண்டாவது வண்டியை ஓட்டுவது அவன்தான். ஷெட்டில் பழுது பார்ப்பது முழுக்க அந்தப் பெண்ணின் பொறுப்பு. அவளைப் பெண் பார்க்க வந்த ஒருவர், அவள் வேலையை விடமாட்டாள் என்று தெரிந்து டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. நான் மூன்று வண்டிகளுக்கும் வயல் பேசி, வழி போட்டுக் கொடுக்கிறேன். ஆத்தூர்க்காரர் இப்போதும் வருகிறார், முதல் வண்டி அவருடையது. போன சம்பாவில் அவரே என்னிடம், "முனையில தெளிச்சிருக்காங்களா, வுட்டிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வயலில் இறக்கினார்.

இந்த வருஷம் புதிதாக ஐந்து பேரைப் பழகுநர்களாக எடுக்கலாம் என்று பாய் சொன்னார். அதே சிமென்ட் களத்தில் கூடினோம். இந்தத் தடவை உளுந்து தெளிக்கிற ஆட்கள் நான்கு பேரும் வந்திருந்தார்கள். அப்பா சட்டை போட்டுக்கொண்டு வந்து, முன்னால் உட்கார்ந்து, பன்னிரண்டடி வேண்டாம், பத்தடி போதும் என்று வண்டிக்காரர்களோடு சண்டை பிடித்தார். பத்தடியில் முடிந்தது.

புதுப் பையன் ஒருவனின் அம்மா கடைசிவரை காத்திருந்து, எல்லாரும் எழுந்த பிறகு என்னிடம் வந்தார். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்டுகளைப் பார்த்துப் பழகியவர். குரலைத் தாழ்த்தி, "இதுக்கு எவ்வளவு கட்டணும் தம்பி? மறைக்காம சொல்லு," என்று கேட்டார்.

ஒன்றும் கட்ட வேண்டாம் என்றேன். அவர் நம்பவில்லை. "சும்மா யாரு எடுப்பா? உங்களுக்கு எவ்வளவு ஆச்சு, அதச் சொல்லு," என்றார்.

பொக்லைன், பிளேடு, பேரிங், அக்கா வேண்டாமென்றும் மறுபடி தெளிக்க நாங்கள் கொடுத்த இரண்டு கிலோ உளுந்து, வரப்பு கட்டிய அப்பாவின் கூலி எல்லாம் சேர்த்து, எங்கள் மூன்று பேருக்கும் ஆறாயிரத்து நூற்றுப் பத்து ரூபாய்.